வாஸ்து மீனின் கடைசிப் படம்

"உயிரையே குடுத்துட்டுப் போயிருக்குதுடி என் சின்னவன்!"

வாசலில் நின்றபடி எதிர்வீட்டு துர்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் லோகாம்பாள். அழுகை ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். "அவருக்கு வந்த கண்டத்தை வாங்கிக்கினு போயிடுச்சு. இல்லன்னா, மூடிமேல அஞ்சு கிலோ எடைக்கல்லு இருக்குது, தீனி போடற சந்து வழியா அவ்ளோ பெரிய மீனு வெளிய குதிக்குமா? நீயே சொல்லு."

துர்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பத்து நாள்ல ஆபரேஷன்னு சொன்னீங்களே அக்கா. அதான் முந்திக்கிச்சு."

உள்ளே, ஹாலின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் தீபிகாவின் கை நின்றது. மீன் தொட்டியில் தொடங்கிய ஈரம் சோபாவின் கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. கடைசியில் மீன் துடித்து நின்ற இடத்தில் பெரிய பொட்டு அளவுக்கு ஒரு செதில் ஒட்டிக்கிடந்தது. நகத்தால் பெயர்த்து எடுத்தாள். குப்பையில் போட மனம் வரவில்லை. நைட்டியின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அதே பாக்கெட்டில் செல்போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மீன் வளர்ப்போர் குழுவில் முந்தின நாள் அவள் போட்டிருந்த படத்துக்கு ஆளாளுக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'என்னா ஷாட்டுங்க மேடம்! ஜரிகை மாதிரி மின்னுதே!'

அந்தப் படத்தில் நீந்திக்கொண்டிருந்த மீன்தான் இப்போது கொல்லைப்புறத்தில் வாழை இலைமேல், மஞ்சள் குங்குமத்தோடு கிடந்தது. எலுமிச்சை மரத்தடியில் அவள் கணவன் வசந்த் குழி தோண்டும் சத்தம் கேட்டது.

தீபிகா நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள். மூடிமேல் எடைக்கல் இருந்தது. அத்தை கத்திய கத்தலில் எல்லோரும் எழுந்து ஓடிவந்தபோதும் அங்கேதான் இருந்தது.

ஆனால் அவள் அதை வைக்கவில்லை.

அய்யம்பேட்டையில் லோகாம்பாளின் கணவர் துரைக்கண்ணுவின் உரக்கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்னால் கடை, பின்னால் வீடு. கடை வைத்த புதிதில் வியாபாரம் படுத்துக்கிடந்தபோது யாரோ வாஸ்து மீன் வளர்க்கச் சொன்னார்கள். விரல் நீளத்தில் வந்த அரவானா, கோழித் துண்டும் இறாலும் வெட்டுக்கிளியும் தின்று முழங்கை நீளத்தைத் தாண்டியது. வியாபாரம் மீனால் வளர்ந்ததா, துரைக்கண்ணுவின் வாயால் வளர்ந்ததா என்று தெரியாது. லோகாம்பாளைப் பொறுத்தவரை மீனால்தான். மகன் வசந்த் பெரியவன், மீன் சின்னவன். "பெரியவன் கேட்டா நாளைக்குச் செய்யலாம். சின்னவனுக்கு வாயா இருக்குது கேக்கறதுக்கு?" என்று இறாலை உரித்துக்கொண்டு போவாள்.

அரவானா குதிக்கும் மீன். பூச்சி பறந்தால் குதிக்கும், நிழல் ஆடினால் குதிக்கும். தொட்டியின் பிளாஸ்டிக் மூடி எடையே இல்லாதது. அதனால் கடைக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்த நாளிலிருந்து பழைய அஞ்சு கிலோ எடைக்கல் மூடியின் இடது ஓரத்தில் உட்கார்ந்தது. கல்யாணமாகி வந்த முதல் நாள், விளக்கேற்றிய கையோடு லோகாம்பாள் மருமகளுக்குச் சொன்ன முதல் விஷயமே அதுதான். "எதை மறந்தாலும் மறம்மா, கல்லை மட்டும் மறக்காத."

சின்ன காஞ்சிபுரத்துப் பெண் தீபிகா. ஆன்லைனில் விற்கும் கடைகளுக்குப் பட்டுப் புடவைகளைப் படம் எடுத்துத் தருவாள். வெளிச்சம் நேரே விழுந்தால் ஜரிகை வெள்ளையாக வெளுத்துப்போகும், சாய்ந்து விழுந்தால்தான் பொன்னாகத் தெரியும் என்பதைப் பல முறை சொதப்பித்தான் கற்றுக்கொண்டாள். ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த வசந்த், புடவையை விட்டுவிட்டு, தரையில் படுத்துக்கொண்டு படமெடுத்த பெண்ணைப் பார்த்தபடி நின்றதில்தான் இந்தக் கதையெல்லாம். கல்யாணத்துக்குப் பிறகு சென்னையில் மீன் காட்சியகத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். கூட்டத்தின் செல்போன் வெளிச்சமெல்லாம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்க, தீபிகா தன் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து, திருக்கை மீன் ஒன்று தலைக்குமேல் கடந்துபோகக் காத்து நின்றாள். "புடவை சும்மா கெடக்கும். இது என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது!" என்று திரும்பிச் சிரித்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அடுத்த மாதமே வசந்த் புது கேமரா வாங்கித் தந்தான்.

அந்தக் கேமராவில்தான் நேற்றுச் சாயங்காலம் சின்னவனை எடுத்தாள். குழுவின் போட்டியில் வீட்டுத் தொட்டிப் பிரிவுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. அதைவிட, வீட்டில் எல்லோர் முகமும் இருண்டு கிடந்தது. மாமாவின் இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, சென்னையில் ஆபரேஷன் என்று சொல்லி நாள் குறித்துவிட்டார்கள். ஒரு நல்ல படம் எடுத்து மாட்டினால் அத்தை கொஞ்சம் சிரிப்பாள் என்று நினைத்தாள்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கெல்லாம் அணைத்தாள். மீனுக்கு மேலிருந்து ஃபிளாஷ் விழுந்தால்தான் செதில் தெரியும். மூடியெல்லாம் உப்புக்கறை. அதனால் எடைக்கல்லைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, மூடியைத் தள்ளி, ஃபிளாஷைத் தொட்டியின் குறுக்குச் சட்டத்தில் நிறுத்தினாள். கறுப்புத் துணியைத் தோளோடு போர்த்திக்கொண்டு லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டினாள். சின்னவன் முதலில் முகத்தைக் காட்டவில்லை. பிறகு காட்டினான். அகன்ற வாய், மீசை இரண்டும் முன்னால் நீண்டு, உடம்பு முழுக்க ஒரு முந்தானை விரித்த மாதிரி. இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று எடுத்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாம் போயிற்று. வாசலில் வசந்தின் வண்டிச் சத்தம். படத்தை அவனிடம் காட்ட வேண்டும் என்ற அவசரம். மூடியை இழுத்து மூடினாள். கறுப்புத் துணியை நாற்காலியின்மேல் வீசினாள். துணிக்கு அடியில் கல் இருந்தது. அது அவள் கண்ணுக்கும் தெரியவில்லை, ஞாபகத்துக்கும் வரவில்லை.

இப்போது அந்தத் துணி மடித்து சோபாவில் வைக்கப்பட்டிருந்தது. கல் மூடிமேல் இருந்தது, இடது ஓரத்தில் அல்ல, நட்டநடுவில்.

'ஒருவேளை நான்தான் வைத்தேனோ?' பக்கெட்டில் துணியைப் பிழியும்போது தனக்குத்தானே கேட்டுப்பார்த்தாள். அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது. நம்ப முடியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் துரைக்கண்ணு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஆபரேஷன்லாம் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு வசந்து."

வசந்தின் கை சோற்றில் நின்றது. "என்னாது?"

"கண்டம் கழிஞ்சிடுச்சு. அஞ்சு கிலோ கல்லுக்கு அடியிலேந்து ஒரு ஜீவன் வெளிய வந்து உசுரை விட்டிருக்குது. இதுக்கு மேல ஆண்டவன் எப்படிப்பா சொல்லுவான்? போன் பண்ணியா சொல்லுவான்?"

"அப்பா, மீனு செத்தா அடைப்பு போயிடுமா? சும்மா இருப்பா!"

"மாத்திரை சாப்பிடறேன். நெஞ்சைப் பொளக்க வேணாம். அவ்ளோதான்."

வசந்த் அம்மாவைப் பார்த்தான். லோகாம்பாள் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவளும் பயந்துகிடந்தவள்தானே. "அவரு சொல்றதும் சரியாத்தான்டா இருக்குது," என்றாள் மெதுவாக. "நம்ம சின்னவன் சும்மாவா போயிருப்பான்?" பிறகு தீபிகாவின் பக்கம் திரும்பினாள். "நேத்து நீ எடுத்தியே படம், அதைப் பெருசாப் போட்டுக் குடும்மா. சாமி ரூமாண்ட மாட்டணும். நல்லவேளை நீ எடுத்த. இல்லன்னா அவன் முகம்கூட நமக்கு இருந்திருக்காது."

தீபிகா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரிங்க அத்தை" என்றாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது வசந்திடம் சொல்லிவிடத்தான் போனாள். "ஏங்க, ஒண்ணு சொல்லணும்..."

"நீயும் ஆரம்பிக்காத தீபி," என்றான் அவன். கண்கள் சிவந்திருந்தன. "அப்பாவை நெனைச்சாத்தான் பகீர்னு இருக்குது. அந்த மீனு மேல எனக்கு எப்படிக் கோவம் வருது தெரியுமா? உயிரோட இருந்தப்பவும் என் பங்கு அதுக்குப் போச்சு. செத்தும் அப்பாவைக் கெடுக்குது பாரு."

கெடுத்தது மீன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். காய்ந்த புடவையை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. அத்தை தினமும் படம் எங்கே என்று கேட்டாள். அவள் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாக்குச் சொன்னாள். மூன்றாம் நாள், சாக்கும் தீர்ந்துபோய், மத்தியானத்தில் லேப்டாப்பைத் திறந்து அந்தச் சாயங்காலத்துப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். வால் மட்டும் வந்த படம். தூசி விழுந்த படம். அந்த நல்ல படம். அதற்குப் பிறகு, கடைசியாக ஒன்று.

அதை அவள் எடுத்ததே மறந்துபோயிருந்தது. துணியை நீக்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது யாரோ பின்னால் விளக்கைப் போட்டார்கள். "மாமா, லைட்டு!" என்று கத்தியபோது விரல் தானாக அழுத்திவிட்டது. மீன் படம் எடுப்பவர்கள் பார்த்த உடனே அழித்துவிடும் படம் அது. கண்ணாடி முழுக்க அறையின் பிம்பம். தண்ணீருக்குள் டியூப்லைட், தண்ணீருக்குள் சோபா. நடுவில், காபி டம்ளரோடு துரைக்கண்ணு. சின்னவன் சரியாக அவர் மார்பின்மேல் குறுக்கே நீந்திக்கொண்டிருந்தான்.

அழிக்கப் போனவள் நிறுத்தினாள். படத்தைப் பெரிதாக்கினாள்.

மாமாவின் இடது கை பக்கத்தில் இருந்த நாற்காலிமேல் இருந்தது. நாற்காலியில் எடைக்கல் இருந்தது. அவர் உள்ளங்கை அந்தக் கல்லின்மேல்தான் ஊன்றியிருந்தது.

அவருக்குத் தெரியும். கல் மூடிமேல் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

டீயும், அந்தப் படத்தை ஏற்றிய செல்போனுமாகக் கடைக்குப் போனாள். வசந்த் டவுனுக்குப் போயிருந்தான். யூரியா மூட்டைகளுக்கு நடுவே துரைக்கண்ணு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெச்சிட்டுப் போம்மா. சக்கரை எவ்ளோ?"

"அரை ஸ்பூன் மாமா."

"அதான் கண்டம் கழிஞ்சிடுச்சே, முழு ஸ்பூனாப் போட்டா கொறைஞ்சா பூடுவ?"

அவள் சிரிக்கவில்லை. செல்போனை அவர்முன் நீட்டினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கற. தொப்பைதான் கொஞ்சம் தூக்கலா..."

"கையைப் பாருங்க மாமா. கை எதுமேல இருக்குது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"அன்னிக்குக் காலையில அத்தை கத்தினப்ப கல்லு மூடிமேல இருந்துச்சு. நான் வெக்கல."

துரைக்கண்ணு டீயை ஒரு வாய் குடித்தார். "நான்தான் வெச்சேன்."

அவர்தான் முதலில் எழுந்திருக்கிறார். விடிகிற நேரம். மீன் தரையில் விறைத்துக் கிடந்தது. மூடி ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. "உன் மாமியா எழுந்து வந்தா மீனைப் பார்க்கறதுக்கு முன்னாடி கல்லைத்தான் பார்ப்பா. வந்து ஒரு வருஷம் ஆவல நீ. காலம் பூரா மீனைக் கொன்னவன்னு பேரு வாங்கிக்கினு இந்த வீட்ல எப்படிம்மா இருப்ப? அதான் மூடியைச் சரிபண்ணித் தூக்கி வெச்சிட்டேன். துணியையும் மடிச்சிட்டேன். முந்தின நாளே நான் வெச்சிருக்கலாம். நீ வெப்பன்னு உட்டுட்டேன்."

தீபிகாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அப்ப ஆபரேஷன் வேணாம்னு ஏன் மாமா சொன்னீங்க? உங்களுக்குத்தான் உண்மை தெரியுமே!"

"நானாவா சொன்னேன்? அவதான் கண்டம் அது இதுன்னு ஆரம்பிச்சா. யோசிச்சுப் பார்த்தேன், எனக்கும் தோதாத்தான் இருந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பூவராகவன் இருந்தானில்ல, விதைக்கடை? இதே ஆபரேஷன்தான். போய்ட்டு வந்து கறி சோறு சாப்பிடலாம்டான்னு சிரிச்சிக்கினே உள்ள போனான். பேசினது அதோட சரி. எனக்குப் பயம்மா இருக்குது. பெத்த புள்ளகிட்ட சொல்ல முடியுமா இதை?"

ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "நீ உன்னுதைச் சொல்ல வேணாம். நான் என்னுதைச் சொல்லல. வீடு நிம்மதியாத்தான இருக்குது?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. படத்தை அழித்துவிட்டால் முடிந்தது. அந்த ஒரு நிமிடம் அது தனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைத்தான் பின்னால் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, வசந்திடம்கூட.

அவர் டம்ளரை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் இடது தோளை நீவிவிட்டார். இரண்டு நாளாக அப்படித்தான் நீவிக்கொண்டிருந்தார். இப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள்.

"கல்லைத் தூக்கினப்ப என்ன ஆச்சு மாமா? வெயிட்டே தூக்கக் கூடாதுன்னாரே டாக்டரு."

"ஒண்ணும் ஆவல."

"மாமா."

"கொஞ்சம் புடிச்சிக்கிச்சு. வேர்த்து ஊத்திச்சு. அங்கயே, மீனுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன். எழுந்துக்கவே முடியல. அப்பறம் சரியாப் போய் மெதுவாப் போய்ப் படுத்துட்டேன்."

தீபிகா சட்டென்று திரும்பினாள். உள்ளே நடந்தாள். "ஏம்மா! நில்லும்மா தீபிகா!" என்று பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது கேட்டது.

லோகாம்பாள் சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் உறைந்துபோன ஒரு பொட்டலம். "இறாலும்மா. அவனுக்குன்னு வாங்கினது. நாம எப்படி ஆக்கித் தின்றது? தூக்கிப் போடவும் கை வரல."

"அத்தை, கல்லை நான் வெக்கல."

"எந்தக் கல்லை?"

"படம் எடுக்கறதுக்காக மூடிமேலேந்து எடுத்தேன். திருப்பி வெக்க மறந்துட்டேன். சின்னவன் கண்டத்துக்காகக் குதிக்கல அத்தை. நான் மறந்ததால குதிச்சான். மறுநாள் காலையில மாமாதான் பார்த்துட்டு எனக்காகக் கல்லைத் தூக்கி வெச்சாரு. அதுல அவருக்கு மறுபடி நெஞ்சு வலி வந்திருக்குது. யார்கிட்டயும் சொல்லல."

லோகாம்பாள் அவளையே பார்த்தாள். ஃபிரிட்ஜ் திறந்தே கிடந்தது. இறால் பொட்டலத்திலிருந்து தண்ணீர் சொட்டிக் கீழே பரவியது.

"அப்ப கண்டம்?"

"அப்படியேதான் இருக்குது அத்தை."

லோகாம்பாள் பொட்டலத்தை மேடைமேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். செருப்புகூடப் போடாமல் கடைக்குப் போனாள். அடுத்து அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"யோவ்! எழுந்திரு! வலி வந்துச்சாமே, வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? மீனு மேல பழியைப் போட்டுட்டு இங்க உக்காந்துக்கினு டீ குடிக்கற! ஏறு, வண்டியில ஏறு! நான் இருக்கிறவரைக்கும் உன்னை உட்டுடுவனா?"

"பயம்மா இருக்குதுடி," என்றார் துரைக்கண்ணு.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள் லோகாம்பாள். குரல் உடைந்துபோனது.

அன்றைக்கே சென்னைக்குக் கொண்டுபோனார்கள். குறித்த நாளுக்கு முன்னதாகவே ஆபரேஷன் என்று முடிவானது. வசந்த் தீபிகாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் வந்தேன்."

அவனுக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்து, விரல்களை இறுக்கிவிட்டு விட்டான்.

லோகாம்பாள் மட்டும் அவளிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "வசந்து, உன் பொண்டாட்டியைச் சாப்பிடச் சொல்லு." "வசந்து, அவளுக்குப் போர்வை குடு, ஏசி குளுருது." எல்லாம் மகன் வழியாகத்தான் வந்தது. ஆபரேஷன் நடந்த அன்று காத்திருக்கும் கூடத்தில் எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கூடத்திலும் ஒரு மீன் தொட்டி இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாகக் குட்டி மீன்கள். தீபிகா தன்னையறியாமல் எழுந்து போய்ப் பார்த்தாள். பார்த்தது மீன்களை இல்லை. மூடியை. இருபக்கமும் கொக்கி மாட்டியிருந்தது. இருந்தும் ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் வெளியே வந்து "நல்லபடியா முடிஞ்சுது" என்றபோது லோகாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வசந்த் அம்மாவைத் தாங்கி உட்காரவைத்துவிட்டு மருந்து வாங்கப் போனான். கொஞ்சநேரம் கழித்து எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்து அவள் தீபிகாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தைக் காட்டு."

தீபிகா அவசரமாகச் செல்போனைத் திறந்து, குழுவில் எல்லோரும் புகழ்ந்த அந்தப் படத்தை எடுத்தாள். ஜரிகை மாதிரி மின்னும் செதில்கள். முன்னால் நீண்ட மீசை.

"இது இல்ல. அவரு நிக்கறாராமே, அது."

தேடிக் கொடுத்தாள். லோகாம்பாள் செல்போனைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். தண்ணீருக்குள் நிற்கும் புருஷனை விரலால் தடவினாள். அவர் மார்பின்மேல் நீந்தும் சின்னவனையும் தடவினாள்.

"இதையே பெருசாப் போட்டு மாட்டு."

"இதுல கண்ணாடி பிம்பம் நிறைய இருக்குதுங்க அத்தை. மீனும் சரியாத் தெரியல."

"எனக்கு இதுதான் வேணும். ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறது இது ஒண்ணுதான்."

தீபிகா தலையாட்டினாள். திரையின் ஓரத்தில் நாற்காலியும், அதன்மேல் மாமாவின் கையும், கைக்கு அடியில் கறுப்பாக அந்தக் கல்லும் தெரிந்தன. "ஓரத்தை வெட்டிட்டுப் போடவா அத்தை?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்தக் கல்லு தெரியாம?"

லோகாம்பாள் அந்தக் கல்லையும் விரலால் தொட்டாள்.

"வேணாம். அதுவும் இருக்கட்டும்."

செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"சாப்பிடு," என்றாள், மருமகளின் முகத்தைப் பார்க்காமல்.